46 கார் 35 ஆகுமா? வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ரொறொன்ரோ மாநகரின் திறந்தவெளிக் கார் தரிப்பிடங்களுக்கான வடிவமைப்பு வழிகாட்டி பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். 2007இல் வரைவாக வந்து 2013இல் முழுவடிவம் பெற்ற ஆவணம் அது. தார் போட்டுக் கோடு கீறிவிட்டால் போதாது, மரமும் நடக்க வழியும் மழைநீர் இறங்க இடமும் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை, அதிலும் பாதி கோபக் கடிதம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: நானும் தம்பியும் நகர மையத்துக்குக் கிட்ட ஒரு தரிப்பிடம் வைத்திருக்கிறோம். வீதிப் பக்கம் 40 மீற்றர், உள்ளே 32 மீற்றர். 46 கார் விடுகிறோம். தார் எல்லாம் வெடித்துப்போய்க் கிடக்கிறது. திருத்துவதோடு நீங்கள் எழுதிய வழிகாட்டிப்படியே மாற்றினால் எத்தனை கார் மிஞ்சும்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். (தரிப்பிட உரிமையாளர், ரொறொன்ரோ)

35. சுற்றி வளைக்கவில்லை, ஆனால் எப்படி வந்தது என்று காட்டாமல் விட்டால் அடுத்த கடிதம் இன்னும் சூடாக வரும், அதனால் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

ரொறொன்ரோ விதிப்படி ஒரு கார் இடம் 2.6 மீற்றர் அகலம், 5.6 மீற்றர் நீளம். நேராக உள்ளே விடும் வரிசைக்கு முன்னால் 6 மீற்றர் ஓட்டுபாதை வேண்டும். எதிரெதிராக இரண்டு வரிசை, நடுவில் பாதை என்றால் 17.2 மீற்றர். உங்கள் 40 மீற்றரில் இப்படி இரண்டு தொகுதி போட்டால் 34.4 போக 5.6 மீற்றர் மிச்சம். இப்போது உங்களிடம் இருப்பதும் இந்த நான்கு வரிசைதான் என்று நினைக்கிறேன், ஒவ்வொன்றிலும் 12, காவலாளி குடிலுக்கு இரண்டு இடம் போக 46. சரி, அப்படியானால் அந்த 5.6 மீற்றர் இப்போது எங்கே? தேவைக்கு மேல் அகலமான ஓட்டுபாதையாகச் சும்மா கிடக்கிறது. உங்கள் மரங்களுக்கு வேண்டிய நிலத்தில் பெரும்பகுதி அதுதான். அதை எடுப்பதால் ஒரு காரும் குறையாது.

கார் குறைவது மற்றப் பக்கத்தால். வீதி ஓரம் 3 மீற்றர் பசுமைப் பட்டி வேண்டும். பின்னால் இரண்டு ஓட்டுபாதையையும் இணைக்க ஒருவழிப் பாதை ஒன்று, 4.5 மீற்றர். மிச்சம் 24.5 மீற்றரில் வரிசைக்கு ஒன்பது கார், நான்கு வரிசைக்கு 36. மாற்றுத்திறனாளிகளுக்கான இடங்கள் ஒன்ராறியோ மாகாண விதிப்படி 4 சதவீதம், மேல்நோக்கி முழுமையாக்கினால் உங்களுக்கு இரண்டு. மாநகர விதிப்படி ஒவ்வொன்றும் 3.4 மீற்றர் அகலம், நடுவில் இருவருக்கும் பொதுவாக 1.5 மீற்றர் இறங்கும் பட்டி, மொத்தம் 8.3. மூன்று சாதாரண இடத்தை எடுத்து இந்த இரண்டைப் போட்டால் 35. ஐந்து காருக்கு ஒரு மரம் என்கிறது வழிகாட்டி, ஆக ஏழு மரம். ஒவ்வொரு மரத்துக்கும் 30 கனமீற்றர் மண், மொத்தம் 210. முன் பட்டியையும், அந்த 5.6 மீற்றரைப் பிரித்து நடுவில் 2.6, இரு ஓரமும் 1.5 என்று போடும் பட்டிகளையும் கூட்டினால் 230 சதுர மீற்றருக்கு மேல் வருகிறது. ஒரு மீற்றர் ஆழத்துக்கு நல்ல மண் போட்டால் கணக்கு முடிந்தது.

பின்பக்க இணைப்பை விட்டுவிட்டால் இன்னும் ஏழு கார் கூடுமே என்று உங்கள் தம்பி சொல்வார். கூடும்தான், ஆனால் இடம் நிறைந்த நேரத்தில் உள்ளே வந்தவர் திருப்ப வழியில்லாமல் பின்பக்கமாகவே நடைபாதையைத் தாண்டி வீதிக்கு வர வேண்டும். நகர மையத்தில், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில். நான் அப்படி ஒரு வரைபடத்தில் கையெழுத்துப் போட மாட்டேன்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். 46 இடமும் நிறையும் நாள் எத்தனை? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் இருந்த டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் வாழ்நாள் முழுக்கத் தரிப்பிடத்தைத்தான் ஆராய்ந்தார், 2025இல் காலமானார். வீதியோர இடங்களுக்கு அவர் சொன்னது, கிட்டத்தட்ட 85 சதவீதம் நிறைந்திருக்கும் அளவுக்கு விலை வைத்தால் போதும் என்று. தனியார் தரிப்பிடத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாதுதான், ஆனாலும் செவ்வாய்க்கிழமை பகல் 38 கார்தான் நிற்கிறது என்றால் நீங்கள் இழப்பது 11 காரின் வருமானம் இல்லை, மூன்று காரின் வருமானம். எண்ணிப் பாருங்கள். எண்ணாமல் கோபப்பட வேண்டாம்.

கேள்வி: வழிகாட்டி என்றால் வெறும் ஆலோசனைதானே? பின்பற்றாவிட்டால் என்ன செய்வார்கள்? (ஸ்காபரோ)

பலர் இதையே கேட்டிருக்கிறீர்கள், சிலர் வழக்கறிஞர் தொனியில். வழிகாட்டி சட்டம் இல்லை என்பது சரி. ஆனால் ஒன்ராறியோ திட்டமிடல் சட்டத்தின் 41ஆம் பிரிவு, வணிகத் தரிப்பிடம் ஒன்றை அமைப்பதையே அபிவிருத்தி என்று எடுத்துக்கொள்கிறது, அங்கே ஒரு கட்டடமும் இல்லாவிட்டாலும். அபிவிருத்தி என்றால் தள வரைபடம் கொடுத்து அனுமதி எடுக்க வேண்டும் என்று கேட்கும் அதிகாரம் மாநகரத்துக்கு வந்துவிடும். அந்த வரைபடத்தைப் பார்க்கிறவர் மேசையில் விரித்து வைத்திருப்பது இந்த வழிகாட்டியைத்தான்.

இருக்கிற தாரைச் சுரண்டி அதே இடத்தில் புதுத் தார் போடுவது பராமரிப்பு, அது வேறு கதை. வாசலை மாற்றுவது, பரப்பைக் கூட்டுவது, வரிசைகளைத் திருப்பிப் போடுவது என்று போனால் முதலில் மாநகரத் திட்டமிடல் பிரிவோடு பேசிவிடுங்கள்.

எதில் பேரம் பேசலாம், எதில் முடியாது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. முன் பட்டி 3 மீற்றருக்குப் பதில் 2.5, ஆனால் நடுப் பட்டி பெரிது என்றால் பேசலாம், நியாயமான காரணம் இருந்தால் கேட்பார்கள். கார் இடத்தின் அளவு நகர விதிச் சட்டத்தில் உள்ளது, அதைக் குறைக்க வேண்டுமென்றால் தனியாக விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். மாற்றுத்திறனாளி இடங்களில் பேச்சுக்கே இடமில்லை, அதைக் கேட்கவும் வேண்டாம்.

கேள்வி: நகர மைய மருத்துவமனை ஒன்றில் இரவு வேலை. காரை விடும் இடத்தைச் சுற்றி அழகுக்கென்று ஆள் உயரத்துக்குப் புதர் வளர்த்திருக்கிறார்கள். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் ஒவ்வொரு இரவும் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன். இதுதான் உங்கள் பசுமையா? (தாதி, மார்க்கம்)

இல்லை, தங்கச்சி. வந்த கடிதங்களில் இதுதான் நல்ல கடிதம்.

பார்வை மறையக் கூடாது என்பது வழிகாட்டியிலேயே உள்ள விஷயம். செடி இடுப்புக்குக் கீழே, மரத்தின் கிளை தலைக்கு மேலே, நடுவில் வீதியிலிருந்து உள்ளே ஒன்றும் மறைக்காமல் தெரிய வேண்டும். பல இடங்களில் வரைபடத்தில் அப்படித்தான் இருக்கும். நட்ட பிறகு கத்தரிக்க ஆள் வைப்பதில்லை, இரண்டு வருடத்தில் மறைப்பாக வளர்ந்துவிடும். அதனால் நான் வரையும்போது ஒரு மீற்றருக்கு மேல் வளராத இனத்தைத்தான் போடுவேன். பராமரிப்பை நம்பி ஒன்றும் வரையக் கூடாது.

விளக்கும் அப்படித்தான். உயரக் கம்பத்தில் ஒரே பெரிய விளக்கைப் போட்டுக் கண்ணைக் கூச வைத்தால் வெளிச்சம் விழாத மூலை இன்னும் இருட்டாகத் தெரியும். கீழ்நோக்கி மட்டும் விழும்படி மூடிய விளக்குகள், குறைந்த உயரத்தில், கூடுதலான எண்ணிக்கையில் வேண்டும். முக்கியமாகக் கட்டணம் செலுத்தும் இயந்திரத்துக்கும் நடைவழிக்கும் மேலே.

நடைவழி என்று சொல்லும்போதுதான் எனக்கே கோபம் வருகிறது. காரைப் பூட்டிய நொடியிலிருந்து எல்லாரும் பாதசாரிதான், ஆனால் பெரும்பாலான தரிப்பிடங்களில் அந்தப் பாதசாரிக்கு ஒரு அடி நிலம்கூட ஒதுக்கியிருக்க மாட்டார்கள். பின்பக்கமாக எடுக்கும் கார்களுக்கு நடுவே, ஐஸில் சறுக்கிக்கொண்டு, பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போக வேண்டும். வழிகாட்டி கேட்பது வரிசைகளுக்கு இடையே தொடங்கி வீதி நடைபாதை வரைக்கும் அறுந்துபோகாத ஒரு வழி. ஓட்டுபாதையைக் கடக்கும் இடத்தில் தரை வேறு நிறத்தில், வேறு கல்லில் இருந்தால் ஓட்டுகிறவரின் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். மேலே சொன்ன அண்ணனின் நிலத்தில் நடுப் பட்டியின் ஒரு பக்கத்தில் இதற்கு இடம் பிடிப்பேன், மரத்தின் மண்ணைக் கல்லுக்கு அடியிலும் தொடரவிட்டு.

உங்கள் தரிப்பிடத்தை நடத்துபவருக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள், புதரைக் கத்தரிப்பது செலவில்லாத வேலை. பதில் வராவிட்டால் மாநகரத்தின் 311 எண்ணில் சொல்லிவையுங்கள்.

கேள்வி: தரிப்பிடத்தில் நடும் மரம் எதுவும் நாலைந்து வருடம் தாண்டுவதில்லை. பிறகு எதற்கு இந்த நாடகம்? (பிராம்ப்டன், அஜக்ஸ், இன்னும் சிலர்)

நாடகம் என்ற சொல்லை நான் மறுக்க மாட்டேன். முக்கால்வாசி இடங்களில் அது நாடகம்தான்.

ஒரு மீற்றருக்குச் சற்று மேலான சதுரக் குழி, சுற்றிலும் உருளை ஓட்டி இறுக்கிய சரளை, மேலே தார். அந்தக் குழிக்குள் ஒன்றரைக் கனமீற்றர் மண் இருந்தால் பெரிது. 30 எங்கே, ஒன்றரை எங்கே! பூச்சாடியில் ஆலமரம் நட்டுவிட்டு நிழல் தரவில்லை என்று திட்டுவது போலத்தான் இது. வேர் முதல் இரண்டு வருடம் நாற்றங்காலிலிருந்து கொண்டுவந்த மண்ணில் சமாளிக்கும், பிறகு சுவரில் முட்டும், ஓகஸ்ட் வெயிலில் தார் கொதிக்கும்போது தண்ணீர் எடுக்க இடமிருக்காது. மரம் செத்தால் இனத்தைக் குறை சொல்வோம்.

இதற்கு மேல் உப்பு. குளிர்காலம் முழுக்க ஐஸ் உருகக் கொட்டும் உப்பு மண்ணுக்குள் இறங்கி வேருக்குத் தண்ணீர் எடுக்க முடியாமல் செய்துவிடும், களிமண்ணின் கட்டமைப்பையும் குலைத்துவிடும். அதற்கும் மேல் பனி தள்ளும் வண்டி. இரவு மூன்று மணிக்கு வரும் ஓட்டுநருக்கு வெள்ளையாக எது கண்டாலும் பனிதான், உப்புப் பனியை மொத்தமாக மரத்தடியில் குவித்துவிட்டுப் போய்விடுவார். பனியை எங்கே குவிப்பது என்று வரைபடத்திலேயே இடம் குறிக்கச் சொல்வது இதற்காகத்தான். சின்ன நிலமென்றால் டிசம்பர் முதல் மார்ச் வரை இரண்டு கார் இடத்தை அதற்கு விட்டுவிடுங்கள், உருகும் நீர் வடிகாலுக்குப் போகட்டும், மரத்துக்குப் போகக் கூடாது.

ஆக, குழி வேண்டாம், நீளமான பட்டி வேண்டும். ஒரே அகழியில் மூன்று நான்கு மரத்தின் வேர் மண்ணைப் பகிர்ந்துகொள்ளும். இடம் போதாத நிலத்தில் தரைக்கு அடியில் பிளாஸ்ரிக் சட்டங்களை அடுக்கி, மேலே வரும் பாரத்தைச் சட்டம் தாங்க, உள்ளே இறுகாத மண்ணை நிரப்பும் முறை இருக்கிறது. விலை கடிக்கும். பட்டிக்கு நிலம் விட முடிந்தவர்கள் அதைத் தேட வேண்டியதில்லை. பட்டியைச் சுற்றிக் கரைக்கல்லை உயர்த்தி வையுங்கள், காரின் மூக்கு அரை மீற்றருக்கு மேல் பட்டிக்குள் நீட்டும் என்பதால் அந்த ஓரத்தில் ஒன்றும் நடாதீர்கள்.

இனம் என்று கேட்டால், முள்ளில்லாத ஹனி லோகஸ்ட் உப்பையும் வெக்கையையும் தாங்கும், இலை சின்னது, வடிகாலை அடைக்காது. கென்டக்கி கொஃபி மரம் தென் ஒன்ராறியோவின் சொந்த மரம், வசந்தத்தில் மெதுவாகத்தான் இலை விடும், செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். நோர்வே மேப்பிள் வேண்டவே வேண்டாம், அதன் விதை பள்ளத்தாக்குக் காடுகளுக்குள் போய்ச் சொந்த மரங்களை அழுத்திவிடுகிறது. ஏழும் ஒரே இனமாக வைக்கவும் வேண்டாம். சாம்பல் மரம் என்கிற ஆஷ் மரத்தை வரிசை வரிசையாக நட்டிருந்த இந்த நகரத்தில் 2007இல் அந்த மரத்தைக் கொல்லும் மரகத நிறத் துளைப்பான் வண்டைக் கண்டுபிடித்தார்கள், அதற்குப் பிறகு அந்த வரிசைகளுக்கு என்ன நடந்தது என்று இங்கே பழைய ஆட்களுக்குத் தெரியும்.

கலிபோர்னியாவின் சக்ரமெண்டோ நகரம் 1983இலேயே, தரிப்பிடத் தரையில் பாதிக்கு 15 வருடத்தில் மர நிழல் விழ வேண்டும் என்று சட்டம் போட்டது. 2001இல் ஆராய்ந்து பார்த்தால் நிழல் அந்த இலக்குக்கு வெகு கீழே நின்றது. மண் போதவில்லை, வளரப்போகும் அளவை வரைபடத்தில் மிகைப்படுத்தியிருந்தார்கள், வளர்ந்த கிளையையும் வெட்டித் தள்ளியிருந்தார்கள். சட்டத்தில் சதவீதம் எழுதுவது சுலபம், மண்ணை எழுதியிருக்க வேண்டும்.

கேள்வி: தண்ணீர் இறங்கும் கல் பதித்தால் வெள்ளம் நிற்காது என்கிறார்கள். உண்மையா? (எற்றோபிக்கோ)

பாதி உண்மை. முதல் கேள்வியில் வந்த 1,280 சதுர மீற்றர் நிலத்தில் 5 மில்லிமீற்றர் மழை பெய்தால் 6,400 லீற்றர். மாநகரம் கேட்பது ஒவ்வொரு மழையிலும் முதல் 5 மில்லிமீற்றரையாவது நிலத்திலேயே பிடித்து வைக்க வேண்டும் என்று. வருடம் முழுக்கப் பெய்யும் சின்ன மழைகளில் பெரும்பாலானது இதற்குள் அடங்கிவிடும், தாழ்வாக அமைத்த மரப் பட்டியும் கார் நிற்கும் பகுதியில் பதித்த ஊடுருவும் கல்லும் சேர்ந்தால் அதைத் தாராளமாகச் செய்யலாம். ஆனால் 2024 ஜூலை 16 மாதிரி பியர்சன் விமான நிலையத்தில் ஒரே நாளில் 97.8 மில்லிமீற்றர் கொட்டினால் உங்கள் கல் ஒன்றும் நகரத்தைக் காப்பாற்றாது.

கல்லின் இடுக்கில் மண்ணும் மணலும் அடைத்துக்கொள்ளும், உறிஞ்சும் இயந்திரத்தால் காலத்துக்குக் காலம் சுத்தம் செய்ய வேண்டும், குளிர்காலத்தில் மணல் தூவவே கூடாது. நல்ல விஷயம், உருகும் நீர் உடனே கீழே போய்விடுவதால் திரும்ப உறைவது குறையும், உப்பும் குறைவாகப் போதும்.

கேள்வி: நகர நடுவில் இவ்வளவு விலை போகும் நிலத்தில் காரை நிறுத்துவதே பைத்தியக்காரத்தனம். அதற்கு மேக்கப் போடுவதை விட்டுவிட்டு வீடு கட்டச் சொல்லலாமே? (மாணவர், ரொறொன்ரோ)

சொல்லலாம். நானும் உங்கள் பக்கம்தான். 2021 டிசம்பரில் இந்த மாநகர சபை, பெரும்பாலான புதுக் கட்டடங்களுக்கு இத்தனை கார் இடம் கட்டாயம் என்றிருந்த விதியையே எடுத்துவிட்டது. எட்மன்ரன் அதற்கு முன்னாலேயே, 2020இல் செய்துவிட்டது.

யோர்க்வில்லில் கம்பர்லாண்ட் வீதிப் பூங்காவுக்குப் போயிருப்பீர்கள், ஒரு பெரிய கருங்கல் பாறை இருக்குமே, அதில் ஏறி உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுவார்களே, அந்த இடம்தான். அங்கே ஒரு காலத்தில் வரிசையாக விக்ரோறியா காலத்து வீடுகள் இருந்தன. நிலக்கீழ் ரயிலுக்காக இடித்தார்கள், ரயில் கீழே போனது, மேலே பல வருடம் தரிப்பிடமாகக் கிடந்தது. 1994இல் பூங்காவாகத் திறந்தார்கள். ஏறத்தாழ 650 தொன் பாறையை மஸ்கோகாவிலிருந்து துண்டு துண்டாகக் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள், பழைய வீட்டுக் காணிகளின் அகலத்தைப் பூங்காவின் பகுதிகளில் அப்படியே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் போர்ட்லண்டிலும் 1951இல் ஒரு பெரிய ஹோட்டலை இடித்துத் தரிப்பிடமாக்கிய நிலம் 1984இல் நகரச் சதுக்கமாக மாறியது.

ஆனால் இடித்ததற்கும் திறந்ததற்கும் இடையில் போன வருடங்களை எண்ணிப் பாருங்கள், முப்பது வருடம் எல்லாம் சாதாரணம். குடும்பத் தகராறு, வட்டி வீதம், பக்கத்து நிலம் கிடைக்கவில்லை என்று ஏதோ ஒன்றில் கட்டடம் தள்ளிப்போகும். அவ்வளவு காலமும் அந்த வீதியால் நடக்கிறவன் வெறும் தாரையும் துருப்பிடித்த சங்கிலியையும் பார்த்துக்கொண்டு வெயிலில் போக வேண்டுமா? அதோடு ஓரத்தில் நட்ட மரம், பிறகு கட்டடம் வந்தாலும் வீதியோரமாக நிற்க வாய்ப்புண்டு. தற்காலிகம் என்ற பேச்சை நான் நம்புவதை விட்டு நாளாகிவிட்டது.

கேள்வி: சுவரோவியம், வண்ணக் கோடு, நாலு பூச்சட்டி. இவை போதாதா? (மிசிசாகா)

போதாது. சுவரோவியம் வரையுங்கள், நல்லது, மரக் கணக்கில் சேராது.

கேள்வி: சூரியத் தகடு போட்ட கூரை? (லண்டன், ஒன்ராறியோ)

பிரான்ஸில் 2023இல் வந்த சட்டம், 1,500 சதுர மீற்றருக்கு மேலான திறந்தவெளித் தரிப்பிடங்களில் பாதிப் பரப்புக்கு இப்படிக் கூரை கேட்டது, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிறது. கடைத்தொகுதிகளின் பெரிய திடல்களுக்கு நல்ல யோசனை. நகர மையத்தில் பக்கத்துக் கோபுரங்களின் நிழல் விழும் சின்ன நிலத்துக்கு முதலில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். இங்கே பனிப் பாரத்தையும் தாங்க வேண்டும், ஆக இரும்புச் செலவு கூடும்.

கேள்வி: சரி, செய்வது என்று முடிவெடுத்துவிட்டோம். முதலில் யாரைக் கூப்பிடுவது? தார் போடும் ஒப்பந்தக்காரர் தானே எல்லாம் செய்து தருவதாகச் சொல்கிறார். (நயாகரா)

அவரைக் கடைசியில் கூப்பிடுங்கள். முதலில் நில அளவையாளர். எல்லை, தரை மட்டம், நிலத்தடி எரிவாயு, தண்ணீர், மின் குழாய் எல்லாம் ஒரே தாளில் வேண்டும், மரம் நட நினைத்த இடத்துக்குக் கீழே எரிவாயுக் குழாய் போகிறது என்று தோண்டும்போது தெரியவந்தால் அழ வேண்டியதுதான். அப்புறம் நிலத்தோற்ற வடிவமைப்பாளரும் குடிசார் பொறியியலாளரும், இருவரும் ஒரே மேசையில். தனித்தனியாக விட்டால் ஒருவர் மரம் வரைந்த இடத்தில் மற்றவர் வடிகால் கிணறு வரைவார்.

அவர்களைக் கூப்பிடும் முன் நீங்களே செய்யக்கூடிய வேலை இரண்டு. வாரநாள் பகல் பதினொரு மணிக்கும் சனிக்கிழமை இரவும் எத்தனை கார் நிற்கிறது என்று சில வாரம் எழுதி வையுங்கள். ஒரு நல்ல மழைக்குப் பிறகு தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். நயாகரா ரொறொன்ரோவின் எல்லைக்கு வெளியே என்பதால் உங்கள் நகரசபைக்கென்று வேறு வழிகாட்டி இருக்கும், மரக் கணக்கும் பட்டி அகலமும் மாறலாம், அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள். மாற்றுத்திறனாளி இடங்களுக்கான மாகாண விதி உங்களுக்கும் பொருந்தும்.